வறண்ட பூமியின் தோட்டங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை, திருச்சுழி என்றாலே வெயிலும் வேலிக்கருவையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இந்த மண்ணின் தோட்ட வரலாறு பற்றி ஊருக்குள்ளேயே உலவும் நான்கு நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: வானம் பார்த்த பூமியில் தோட்டம் ஏது?

உண்மை: கிணறு வெட்டிய இடமெல்லாம் தோட்டம் விளைந்தது. பம்புசெட் வரும்வரை மாடு பூட்டிய கமலைதான் தண்ணீர் இறைத்தது. மாடுகள் சரிவில் இறங்க இறங்க, நிறைந்த சால் மேலே ஏறும். வால்கயிற்றைத் தளர்த்தியதும் தண்ணீர் கொட்டி வாய்க்காலில் ஓடும். கத்தரியும் மிளகாயும் அந்தத் தண்ணீரில் வளர்ந்தவை. பூவும் உண்டு: 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி விளையும் மாவட்டங்களில் விருதுநகரும் ஒன்று.

நம்பிக்கை: பூந்தோட்டம் ராஜாக்களும் வெள்ளைக்காரர்களும் கொண்டுவந்த ஆடம்பரம்.

உண்மை: ஹைதர் அலி பெங்களூரில் லால்பாக்கைத் தொடங்கியது 1760-இல். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கோயில்களில் நந்தவனங்கள் இருந்தன. நம் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வளர்த்து மாலை கட்டியே தொண்டு செய்தார். நந்தவனத்துக்கும் அதில் உழைத்தவர்களின் பிழைப்புக்கும் நிலம் விட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன.

நம்பிக்கை: சீத்தாப்பழம் சீதாதேவி வனவாசத்தில் சாப்பிட்ட பழம்.

உண்மை: அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. மிளகாய், கொய்யா, பப்பாளி ஆகியவையும் அங்கிருந்து வந்தவையே. ஆனாலும் சீத்தா இந்த மண்ணோடு ஒட்டிக்கொண்டது. கோடையில் இலையுதிர்த்துத் தாக்குப்பிடிக்கும், மழை கண்டதும் துளிர்க்கும், ஆடு வாய் வைக்காது. அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையம் ஏ.பி.கே. 1 என்ற சீத்தா ரகத்தையே தந்திருக்கிறது.

நம்பிக்கை: வேலிக்கருவை என்னும் சீமைக் கருவேலத்தை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தவர் காமராஜர்.

உண்மை: அது மெக்சிகோ, மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளின் மரம். 1870-களிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. காமராஜர் பிறந்ததே 1903-இல்தான். விறகுக்கும் வேலிக்கும் நட்டது, உழவு நின்ற புஞ்சைகளிலும் கண்மாய்களிலும் பரவியது. நம் மண்ணுக்காக உழைத்த தலைவர்மேல் இந்தப் பழியைச் சுமத்துவது அநியாயம்.

வறட்சி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அதைத் தாங்கித் தோட்டம் போட்ட உழைப்பும் புதிதல்ல. சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்த இடத்தைச் சும்மா விட்டால் அதுவே திரும்ப முளைக்கும். புரட்டாசியில் இரண்டடிக் குழி வெட்டி, மக்கிய தொழுவுரம் போட்டு, ஐப்பசி மழைக்கு முன் சீத்தாவோ நெல்லியோ இலந்தையோ நட்டுவிடுங்கள்.