ஒரு கேள்வி, ஒரே முறை

மாணவர்களே, அரசாங்கப் படிவத்தை உங்கள் பெற்றோர் நிரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி என்று ஓர் அலுவலகம் கேட்கும். அடுத்த அலுவலகமும் அதையே கேட்கும். அந்தப் படிவத்தை அப்படியே கணினித் திரையில் ஏற்றிவிட்டால் அது மின்னிலக்க மாற்றம் ஆகுமா? ஆகாது. கேள்விகள் குறைய வேண்டும்.

இதைச் செய்துகாட்டிய நாடு எஸ்டோனியா. வட ஐரோப்பாவில் உள்ள இந்நாட்டின் மக்கள்தொகை சுமார் 1.3 மில்லியன். குடிமகன் ஒருமுறை தந்த தகவலை அரசாங்கம் மறுபடியும் கேட்கக்கூடாது என்பது அங்குள்ள கொள்கை.

எப்படி இயங்குகிறது?

எல்லாத் தகவலையும் ஒரே கணினியில் குவித்தால், அது திருடர்களுக்கு வசதியாகிவிடும். ஆகவே, ஒவ்வொரு துறையும் தன் தகவலைத் தானே வைத்துக்கொள்கிறது. தேவைப்படும்போது ஒரு துறை இன்னொரு துறையிடம் ‘எக்ஸ்-ரோட்’ என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகக் கேட்டுப் பெறுகிறது. இது 2001ஆம் ஆண்டு தொடங்கியது.

கேட்பவர் யார் என்பதை உறுதிசெய்ய அடையாள அட்டையில் ஒரு சில்லு உண்டு. அதன் ரகசியச் சாவிக்குப் பின்னால் இருப்பது கணிதம். 61ஐயும் 53ஐயும் பெருக்கினால் 3,233, இது எளிது. 3,233ஐ மட்டும் கொடுத்து, எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கம் என்று கேட்டால்? நேரம் பிடிக்கும். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண் என்றால் கணினியே திணறும்.

சோதனை வந்தது

2017இல் ஆய்வாளர்கள் ஒரு குறையைக் கண்டுபிடித்தார்கள். சில்லு பகா எண்களைத் தேர்ந்தெடுத்த முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. அதனால் சாவியைக் கண்டுபிடிக்கும் வேலை சுலபமாகக்கூடும். பாதிக்கப்பட்ட அட்டைகள் 700,000க்கும் மேல்! அரசாங்கம் அதை மறைக்கவில்லை. வெளிப்படையாக அறிவித்து, நவம்பரில் அந்த அட்டைகளின் மின்சான்றிதழ்களை நிறுத்திவைத்தது. வேறு கணித முறைக்கு மாற்றிப் புதுப்பித்த பிறகே அவற்றை மின்சேவைகளுக்கு மீண்டும் பயன்படுத்த முடிந்தது.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. தம் தகவலை எந்தத் துறை, எப்போது பார்த்தது என்பதைக் குடிமகன் இணையத்தில் சரிபார்க்கலாம். காரணமின்றி எட்டிப்பார்க்கும் அதிகாரி மாட்டிக்கொள்வார்.

சிங்கப்பூரிலும் சிங்பாஸ் வழியாக ‘மைஇன்ஃபோ’ படிவத்தின் கட்டங்களைத் தானே நிரப்பிவிடுகிறது. அடுத்தமுறை அதைப் பார்க்கும்போது, நேரம் மிச்சமானது என்பதோடு நின்றுவிடாதீர்கள். என் தகவல் யாரிடம் போகிறது, எதற்காக என்றும் கேளுங்கள். ‘சம்மதிக்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துமுன் அங்குள்ள பட்டியலைப் படியுங்கள்.

சிந்திக்க: 8,633 எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கம்? கணிப்பான் இல்லாமல் முயன்று பாருங்கள்.