பழங்கடனைக் குறைத்துத் தீர்த்தலும் குடியானவரின் நாணயமும்

பயிர்த்தொழிலுக்கு நிலமும் நீரும் விதையும் வேண்டியவாறே நாணயமும் வேண்டும். வாங்கிய கடனைச் சொன்ன தவணையில் செலுத்துவார் என்று கடன் கொடுப்போர் ஒருவர்மீது வைக்கும் நம்பிக்கையே நாணயமாகும். நிலுவையில் நின்ற பழங்கடனை, சேரவேண்டிய தொகைக்குக் குறைவாகப் பைசல் செய்துகொள்வதால் இந்த நாணயத்திற்கு என்ன நேர்கிறது என்பதைக் குடியானவர்கள் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

கடனைக் குறைத்துத் தீர்ப்பது புதிய ஏற்பாடன்று. சென்னை மாகாணத்தில் 1938-ஆம் வருஷத்து விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1-ந் தேதிக்கு முந்திய கடன்களில், 1937 அக்டோபர் 1-ந் தேதியன்று நிலுவையிலிருந்த வட்டியை நீக்கிற்று. அக்காலத்தில் கடன்பட்டவரைப் பற்றிய குறிப்பு சாவுகாரின் பேரேட்டிலும் ஊராரின் நினைவிலும் இருந்தது. இக்காலத்திலோ, 2005-ஆம் வருஷத்துக் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், வங்கிகள் ஒவ்வொரு கடன் கணக்கின் நிலையையும் சிபில் முதலிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கு அறிவிக்கின்றன. ஆகையால் ஓர் ஊரில் வாங்கிய கடனின் வரலாற்றை மற்றோர் ஊரின் வங்கியும் அறிய இயலும்.

பதிவில் காணும் நிலைகள்

கடனை அசலும் வட்டியுமாக முழுதும் செலுத்தினால் கணக்கு "முடிக்கப்பட்டது" என்று பதிவாகிறது. வங்கியும் கடனாளியும் இசைந்து, குறைந்த தொகையை ஏற்றுக் கணக்கை நிறுத்தினால் அது "தீர்வு செய்யப்பட்டது" என்று பதிவாகிறது. இவ்விரண்டும் கேட்பதற்கு ஒன்றுபோலிருப்பினும் பொருளால் வேறானவை. பின்னது, கொடுத்த பணத்தில் ஒரு பகுதி திரும்பவில்லை என்று அடுத்த வங்கிக்கு அறிவிப்பதாகும். 300 முதல் 900 வரை இடப்படும் மதிப்பெண்ணும் இதனால் குறையும். இப்பதிவுகளைக் கடன் தகவல் நிறுவனங்கள் குறைந்தது 7 வருஷம் வைத்திருக்க வேண்டுமென்பது விதி.

வங்கி தன் கணக்கிலிருந்து எழுதித் தள்ளிய கடன் ஒழிந்துபோயிற்றென்று சிலர் கருதுகின்றனர். அது தவறு. எழுதித் தள்ளுவது வங்கியின் கணக்கு முறையேயன்றிக் கடனாளிக்குக் கொடுக்கும் விடுதலையன்று. அக்கடனை வசூலிக்கும் உரிமை வங்கிக்கு உண்டு.

சர்க்கார் தள்ளுபடியும் வங்கியோடு செய்துகொள்ளும் தீர்வும் ஒன்றல்ல. 2008-ல் மத்திய சர்க்கார் வகுத்த திட்டத்தில், 2 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமுடையோர் தகுதியுள்ள பாக்கியில் 75 சதவீதம் செலுத்தினால் எஞ்சிய 25 சதவீதம் தள்ளப்பட்டது. அந்தச் சுமையைச் சர்க்கார் ஏற்றது. வங்கி தானாகச் செய்யும் தீர்விலோ நஷ்டம் வங்கியைச் சேர்ந்தது. அதை வங்கி மறப்பதில்லை.

லாப நஷ்டக் கணக்கு

உதாரணமாக, ஒரு குடியானவரின் பழைய பயிர்க்கடன் வட்டியுடன் ரூ. 2,00,000 ஆகிறதென்று கொள்வோம். வங்கி ரூ. 1,20,000 பெற்றுக்கொள்ள இசைகிறது. அவருக்கு மிச்சம் ரூ. 80,000. பின்னர் அவருக்கு வருஷந்தோறும் பயிர்ச்செலவுக்கு ரூ. 1,50,000 வேண்டியிருக்கிறது. வங்கி மறுக்கவே, தனியாரிடம் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வாங்குகிறார். வருஷ வட்டி ரூ. 36,000. தவணை தவறாத குடியானவர் உழவர் கடன் அட்டையில் வட்டி மானியம் போக 4 சதவீதத்தில் வாங்கினால் வட்டி ரூ. 6,000 மட்டுமே. வருஷத்திற்கு ரூ. 30,000 அதிகம். மூன்று வருஷத்தில் ரூ. 90,000 போய்விடுகிறது. மிச்சமென்று நினைத்ததற்கு மேல் நஷ்டமாயிற்று.

ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, தீர்வு செய்துகொண்டவருக்கு மீண்டும் கடன் கொடுக்குமுன் ஓர் இடைக்காலம் கழிய வேண்டும். விவசாயக் கடனல்லாத மற்றக் கடன்களுக்கு அது 12 மாதத்திற்குக் குறையலாகாது. விவசாயக் கடனுக்கு அக்காலத்தை அந்தந்த வங்கியின் நிர்வாகக் குழுவே வகுக்கும். ஆகையால் கையெழுத்திடுமுன் இதைக் கேட்டறிவது அவசியம்.

எப்பொழுது தீர்வு தகும்

செலுத்த வழியே இல்லாதபோது, கடனைப் பாக்கியாகவே விட்டுவைப்பதினும் தீர்வு மேலானது. பாக்கி நிற்கும் வரையில் வட்டி வளரும், பதிவும் கெடும், ஈடுவைத்த நிலமும் ஏலத்துக்கு வரலாம். ஆனால் இரண்டொரு மகசூலில் முழுதும் செலுத்தக் கூடியவர், தள்ளுபடிக்கு ஆசைப்படாமல் தவணை கேட்டுச் செலுத்துவதே நன்று. முன் தவறிய தவணைகளின் குறிப்பு உடனே மறையாதெனினும், கணக்கு முழுதும் முடிந்ததென்ற நற்பதிவு கிட்டும்.

குறுகியகாலப் பயிர்க்கடன் இரண்டு பயிர்ப் பருவங்களும், நீண்டகாலப் பயிர்க்கடன் ஒரு பருவமும் பாக்கி நின்றால் வாராக் கடனாகக் கணக்கிடப்படும். வெள்ளத்தாலோ வறட்சியாலோ மகசூல் போயின், அந்நிலை வருமுன் வங்கியை அணுகித் தவணைகளை மாற்றியமைக்கக் கோரலாம். இதற்குப் பயிர் நஷ்டத்தின் அத்தாட்சி வேண்டும். கிராம அதிகாரிகள் அடங்கலில் சாகுபடியையும் நஷ்டத்தையும் காலத்தில் சரியாகப் பதிவதால் ஒரு குடும்பத்தின் நாணயம் காக்கப்படும்.

கவனிக்க வேண்டியவை

1. தீர்வுத் தொகையும் கெடுவும் கண்ட கடிதத்தை வங்கியிடமிருந்து எழுத்தில் பெறாமல் பணம் செலுத்தலாகாது.

2. பணம் செலுத்தியபின் ரசீதும், பாக்கியில்லையென்ற சான்றும், ஈடுவைத்த பத்திரங்களும் பெறவேண்டும். வில்லங்கச் சான்றில் அடமானம் நீங்கியதா என்று பார்க்கவேண்டும்.

3. ஜாமீன் நின்றவருக்கும் தெரிவிக்கவேண்டும். பாக்கி அவர் பதிவையும் தொடும்.

4. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் வருஷத்திற்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். பிழையிருப்பின் எழுதித் தெரிவிக்கவேண்டும். 30 நாளில் தீர்க்காவிடில், தாமதித்த ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 ஈடு பெற உரிமையுண்டு.

5. பிற்காலத்தில் வசதி வந்தபோது, விட்டுக்கொடுத்த தொகையையும் செலுத்துவதாக வங்கிக்கு எழுதலாம். வங்கி இசைந்தால் பதிவை "முடிக்கப்பட்டது" என்று மாற்றி அறிவிக்கும்.

தீர்வுக் கடிதம் கைக்கு வந்ததும், தள்ளுபடித் தொகையை மட்டும் பாராது, அடுத்த மூன்று வருஷத்துப் பயிர்ச்செலவுக்குப் பணம் எங்கிருந்து, என்ன வட்டியில் வரும் என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்து முடிவு செய்வது குடியானவர்களுக்கு நன்மை பயக்கும்.