பழைய கயிற்றில் கால்மிதி

கிணற்றுக் கயிறும் மாட்டுத் தும்பும் ஒரே நாளில் அறுந்து போவதில்லை. முதலில் மேல் நார் தேயும். பிறகு ஒரு புரி விடும். புரி விட்ட கயிற்றை முடிச்சுப் போட்டு மீண்டும் மாட்டைக் கட்டுவது பலரது வழக்கம். இது சிக்கனமல்ல. இரவில் அறுத்துக்கொண்ட மாடு இளஞ்சோளத்தில் வாய் வைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே புரி விட்ட கயிற்றை அன்றே ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்கியதை எறிய வேண்டியதில்லை; வாசலுக்கு நல்ல கால்மிதி ஆகும்.

இதற்குத் தேங்காய் நார்க் கயிறே ஏற்றது. ஈரத்தைத் தாங்கும், காலிலுள்ள சேற்றையும் வழித்தெடுக்கும். பருத்திக் கயிறு ஈரத்தில் சீக்கிரம் இற்றுவிடும். வெயிலில் கிடந்து பொடிந்த பிளாஸ்டிக் கயிறு உதவாது. அதன் துண்டுகளைத் தொழுவத்தில் போட்டு வைக்கவும் கூடாது. மாடு தின்றால் வயிற்றிலேயே தங்கி அடைத்துக்கொள்ளும்.

கயிற்றை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, கல்லில் அடித்து அலசி, நன்றாகக் காயவிடவும். இற்றுப்போன இடங்களை வெட்டி நீக்கவும். விரல் பருமனுள்ள மூன்று கயிறுகளைச் சடை பின்னுவதுபோல் பின்னினால் ஏறக்குறைய ஓர் அங்குல அகலம் வரும். இரண்டடி விட்டமுள்ள வட்ட மிதிக்கு இத்தகைய பின்னல் சுமார் 38 அடி தேவை. பின்னும்போது நீளம் குறையுமாதலால் ஒவ்வொரு கயிறும் 50 அடி இருக்கட்டும். துண்டுகளை முடிச்சுப் போட்டு இணைக்க வேண்டாம். முடிச்சு காலில் உறுத்தும். இரு நுனிகளையும் நான்கு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சணலால் சுற்றித் தைக்கவும். மூன்று கயிற்றின் இணைப்புகளும் ஒரே இடத்தில் வரக்கூடாது.

பிறகு பின்னலைத் தரையில் பரப்பி, நடுவிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்து, பக்கத்துப் பின்னலோடு கோணி ஊசியால் தைக்க வேண்டும். மடியில் வைத்துத் தைத்தால் கோணலாகும். கைப்பக்குவம் வேண்டிய இடம் இதுதான். வெளிச்சுற்றை இழுத்துத் தைத்தால் மிதி தட்டுப்போல் குழிந்து நிற்கும். தளர விட்டால் ஓரம் அலையலையாக எழும்பும். எது நேர்ந்தாலும் அந்தச் சுற்று வரை பிரித்துத் தைப்பதே வழி. மிதித்து மிதித்துச் சரியாகும் என்று விட்டால் வாசலில் கால் தடுக்கும். நீள்வட்டம் வேண்டுமானால் நீளத்தில் அகலத்தைக் கழித்து, அந்த அளவுக்கு நடுப்பின்னலை நேராக வைத்துத் தொடங்கவும். மூன்றடிக்கு இரண்டடி என்றால் நடுவே ஓரடி.

ஆலப்புழையில் 1859-ல் ஜேம்ஸ் டாரா தொடங்கிய தொழிற்சாலை முதற்கொண்டு நார் மிதிகள் தறியில் நெய்யப்பட்டு வருகின்றன. நமது மிதிக்குத் தறி வேண்டாம். அந்த நேர்த்தியும் வராது. உழைப்பில் குறைவிருக்காது.

கறவை மாட்டுக்கு அடியில் இதை விரிக்க வேண்டாம். மூத்திரமும் சாணமும் ஊறி மடிநோய்க்கு இடமாகும். பம்பு செட்டு ஸ்டார்ட்டர் முன் போட்டு நின்றால் ஷாக் அடிக்காது என்றும் நம்பிவிடக் கூடாது. ஈர நார் மின்சாரத்தைக் கடத்தும். அங்கே அதற்கென்று விற்கும் ரப்பர் விரிப்பைத்தான் போட வேண்டும். வீட்டு வாசலில் கிடக்கும் மிதியை வாரம் ஒருமுறை உதறி, இருபுறமும் வெயிலில் காயப் போடவும். மழைக்காலத்தில் அடியில் இரண்டு மூங்கில் பட்டைகளை வைத்தால் காற்றோட்டம் கிடைக்கும். கரையானும் எளிதில் ஏறாது.