கிணற்று எஞ்சினும் ஆகாய விமானமும்

தோழியரே, நம் மானாவாரிக் காட்டுக்கு ஆகாய விமானம் என்றால் வானில் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். ஆனால் 1985 வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சேர்ந்திருந்த அதே இராமநாதபுரம் மாவட்டத்தில், இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த அப்துல் கலாம் அதைக் கையால் தொட்டுக் கற்றார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஓய்வு பெற்ற இரண்டு விமானங்கள் பாடத்துக்காக நின்றன. மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பின்னும் அவர் அவற்றின் அருகிலேயே அமர்ந்திருப்பாராம். பிறகு பெங்களூர் எச்.ஏ.எல்.லில் பயிற்சி. அங்கே எஞ்சினைப் பிரித்து, கிராங்க் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறதா, கனெக்டிங் ராடு முறுகியிருக்கிறதா என்று பார்க்கும் குழுவில் வேலை செய்தார்.

இந்தப் பெயர்கள் நமக்குப் புதியவையா? தோழி ஒருத்தியின் தோட்டத்தில் மெக்கானிக் அண்ணாச்சி ஆயில் எஞ்சினைப் பிரித்தபோது நாங்கள் இவற்றைத் தூக்கியே பார்த்தோம். (பாவாடையில் கறை இன்னும் போகவில்லை!) பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது, கனெக்டிங் ராடு அந்த ஓட்டத்தைக் கிராங்க் ஷாஃப்டுக்குக் கொடுத்துச் சுழற்சியாக்குகிறது. இங்கே சுற்றுவது பம்பு, சிறு விமானத்தில் முன்விசிறி. கிணற்றில் எஞ்சின் நின்றால் மிளகாய்ச் செடி ஒருநாள் வாடும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் நின்றாலோ, சறுக்கிக்கொண்டே இறங்க இடம் தேட வேண்டும். ஆகையால் அங்கே கண்மதிப்பு செல்லாது. தேய்மானத்தை அளந்தே பார்க்கிறார்கள்.

2006-இல், 74-ஆம் வயதில், குடியரசுத் தலைவராகச் சுகோய்-30 போர் விமானத்தில் கலாம் பறந்தார். அதில் பிஸ்டனே கிடையாது. இரண்டும் ஜெட் எஞ்சின்கள்.