டீசல் பேரலுக்குத் தடுப்புத் தொட்டி

ஆயில் என்ஜினுக்கும் டிராக்டருக்கும் 200 லிட்டர் பேரலில் டீசல் வாங்கி வைக்கும் விவசாயிகள் பலர். பேரல் துருப்பிடித்தாலோ குழாய் சரியாக மூடாவிட்டாலோ டீசல் மண்ணில் இறங்கிவிடும். பாறைப் பகுதிகளில் அது வெடிப்புகள் வழியாகக் கிணற்றை எட்டும். நீரில் சிறிதளவு டீசல் கலந்தாலும் வாடை வீசும், குடிக்க உதவாது. எனவே பேரலைச் சுற்றி ஒரு தடுப்புத் தொட்டி கட்டுவது அவசியம்.

எவ்வளவு பெரிதாக?

உள்ளே வைக்கும் பேரல்களில் பெரியது கொள்ளும் அளவைப்போல் 110 சதவீதம் தொட்டி கொள்ள வேண்டும். 200 லிட்டர் பேரலுக்கு இது 220 லிட்டர். 5 அடி நீளம், 4 அடி அகலம், 9 அங்குல உயரம் உள்ள தொட்டி 15 கன அடி; அதாவது சுமார் 420 லிட்டர் கொள்ளும். பேரலைத் தாங்கும் செங்கல் மேடைக்கு இடம் போனாலும் இது போதும்.

கட்டும் முறை

கிணற்றுக்கு மேட்டுப்புறத்தில் கட்டக் கூடாது. தரைக்கு 4 அங்குல கான்கிரீட் போட்டு, செங்கல் சுவர் எழுப்பி, உட்புறம் முழுவதும் சிமெண்டு பூச வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையை நன்கு அடைக்கவும். பேரலின் குழாய் தொட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். வடிகால் துளை வைக்கவே கூடாது. மேலே கூரை தேவை. கட்டி முடித்து ஒரு வாரம் நனைத்தபின், தண்ணீர் நிரப்பி மட்டத்தைக் குறித்து, மறுநாள் குறைந்திருக்கிறதா என்று பார்க்கவும்.

மழைநீர் தேங்கினால் முகந்து வெளியேற்றலாம். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் வாய்க்காலில் ஊற்றாதீர்கள். சிந்திய டீசலை மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சச் செய்யுங்கள். அதை எருக்குழியில் கொட்டக் கூடாது. அருகில் பீடி, நெருப்பு ஆகாது.

பூச்சிமருந்துக்கும் இதே கவனம்

பூச்சிமருந்தை டீசலுடனோ, விதை, தீவனத்துடனோ வைக்காமல் தனி அறையில் பூட்டி வையுங்கள். அறை வாசலில் உயர்ந்த படிக்கல் இருந்தால் சிந்தியது வெளியேறாது. 1986 நவம்பர் 1-ஆம் தேதி சுவிட்சர்லாந்தில் பாசல் நகரருகே சாண்டோஸ் கம்பெனியின் இரசாயனக் கிடங்கு தீப்பற்றியது. தீயணைக்கப் பாய்ச்சிய தண்ணீரைத் தேக்கப் போதிய தொட்டி அங்கே இல்லை. தண்ணீரோடு பூச்சிமருந்தும் ரைன் நதியில் கலந்து, விலாங்கு மீன்கள் ஏராளமாக மடிந்தன.

வயலுக்கு வரப்பு போல, பேரலுக்கு இந்தத் தொட்டி. சில நூறு செங்கல்லும் சில மூட்டை சிமெண்டும் கிணற்றைக் காக்கும். கெட்டுப்போன கிணற்றை மீட்பது எளிதல்ல.