பருத்தி தின்ற பூஞ்சை

நுழையும்முன்

மண்ணில் விழுந்த சருகு மக்குகிறது. மழையில் நனைந்த வைக்கோல் அழுகுகிறது. அன்றாடம் நாம் காணும் இந்நிகழ்வுக்குப் பின்னே நுண்ணுயிர்களின் நுட்பமான வேதியியல் இருக்கிறது. போர்க்களத்தில் படைவீரரின் உடைமைகளை அழித்த ஒரு பூஞ்சை ஆய்வகத்திற்கு வந்து, பின்னர் ஆலைகளின் பணியாளாக மாறிய வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அழுகிய கூடாரம்

இரண்டாம் உலகப்போரின்போது தென் பசிபிக் தீவுகளில் முகாமிட்டிருந்த அமெரிக்கப் படையினருக்கு எதிரியின் குண்டுகளோடு வேறொரு தொல்லையும் வந்து சேர்ந்தது. கூடாரத்துணி, சீருடை, தோள்பை, இடுப்புப்பட்டை எனப் பருத்தியால் ஆனவை அனைத்தும் வெப்பமும் ஈரமும் மிகுந்த அச்சூழலில் விரைந்து இற்றுப்போயின. காரணத்தைக் கண்டறிந்து தடுக்குமாறு படைத்தளவாடத் துறையின் ஆய்வாளர்கள் பணிக்கப்பட்டனர். பல இடங்களிலிருந்தும் நைந்த துணிகளைத் திரட்டி, அவற்றில் வளர்ந்திருந்த பூஞ்சைகளைப் பிரித்தெடுத்துச் சேமித்தனர். அவற்றுள் ஒன்று, சாலமன் தீவுக்கூட்டத்தில் கிடைத்த கூடாரத்துணியில் வளர்ந்திருந்த பச்சைநிறப் பூஞ்சை. அதற்கு 'க்யூ.எம். 6ஏ' என்று குறியீடு இட்டனர்.

அப்பூஞ்சையை முதலில் 'டிரைக்கோடெர்மா விரிடி' என்றே கருதினர். இப்பெயர் நம் உழவர்களுக்குப் புதிதன்று. விதை நேர்த்திக்குப் பயன்படும் உயிரியல் பூசணக்கொல்லி அது. கூடாரத்துப் பூஞ்சையோ வேறோர் இனம் எனப் பின்னர் தெளிவாயிற்று. அதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பவரின் நினைவாக 1977இல் அதற்கு 'டிரைக்கோடெர்மா ரீசி' என்று பெயரிட்டனர். அவருடன் பணியாற்றிய மேரி மாண்டெல்ஸ் அம்மையாரின் பங்கும் அதற்கு இணையானது. இன்று உலகெங்கும் ஆலைகளில் வளர்க்கப்படும் டிரைக்கோடெர்மா ரீசி வகைகள் அந்த ஒரே கூடாரத்துணியிலிருந்து கிளைத்தவையே.

சங்கிலியும் சுரங்கமும்

பருத்தி ஏறத்தாழத் தூய செல்லுலோஸ். சோற்றில் உள்ள மாவுப்பொருளைப் போலவே அதுவும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரைக் கண்ணிகளால் ஆன சங்கிலிதான். கண்ணிகள் கோக்கப்பட்ட விதத்தில்தான் வேறுபாடு. செல்லுலோஸில் ஒவ்வொரு கண்ணியும் தன் அண்டைக் கண்ணிக்குத் தலைகீழாகத் திரும்பியிருக்கும். அதனால் சங்கிலி சுருளாமல் நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் அருகருகே அடுக்கி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகிக் கட்டுண்டு கிடக்கின்றன. நீரும் எளிதில் நுழைய இயலாத அக்கட்டை உடைக்கும் நொதி நம் குடலில் இல்லை. மாட்டுக்கும் சொந்தமாக இல்லை. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்கின்றன.

பூஞ்சை இவ்வேலையைப் பகிர்ந்து செய்கிறது. ஒருவகை நொதி சங்கிலியை இடையில் வெட்டுகிறது. அவ்வாறு உண்டான முனையைப் பற்றிக்கொண்டு, இரண்டிரண்டு கண்ணிகளாக நறுக்கியபடி நகர்கிறது இன்னொரு வகை. இறுதியாக மூன்றாவது வகை அவ்விரட்டைக் கண்ணிகளைத் தனிக் குளுக்கோஸாகப் பிரிக்கிறது. இரண்டாவது வகையின் உள்ளமைப்பை 1994இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டபோது, அதனுள் ஒரு சுரங்கப்பாதை இருப்பது தெரியவந்தது. செல்லுலோஸ் சங்கிலி ஒருபுறம் நுழைந்து மறுபுறம் துண்டுகளாக வெளியேறுகிறது. ஜப்பானிய அறிஞர்கள் அதிவேக அணுவிசை நுண்ணோக்கியால் இந்நொதிகள் செல்லுலோஸின் மேற்பரப்பில் ஊர்ந்து செல்வதைப் படம்பிடித்தனர். முன்னே செல்வது தடைப்பட்டு நின்றால், பின்னே வருபவையும் வரிசையாக நின்றுவிடுகின்றன! நகர வீதியின் போக்குவரத்து நெரிசல் அங்கும் உண்டு. செல்லுலோஸ் சிதைவு மெதுவாக நிகழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பகைவன் பணியாளன் ஆனான்

1973இல் உலகம் எண்ணெய் நெருக்கடியைச் சந்தித்தபோது, ஆய்வின் திசை முற்றிலும் மாறியது. பூஞ்சையை எவ்வாறு தடுப்பது என்ற வினா மறைந்து, அதனை எவ்வாறு மேலும் உண்ணச் செய்வது என்ற வினா எழுந்தது. செல்லுலோஸைச் சர்க்கரையாக்கினால், சர்க்கரையை எரிபொருளுக்கான எத்தனாலாக்கலாம் அல்லவா?

ஆயினும் பூஞ்சை சிக்கனமானது. குளுக்கோஸ் எளிதாகக் கிடைக்கும்போது நொதி தயாரிப்பதை நிறுத்திவிடும். அவ்வாறு நிறுத்தும் தடைக்கட்டை போன்றதொரு மரபணுவும் அதனிடம் உண்டு. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் புற ஊதாக் கதிராலும் வேதிப்பொருளாலும் பூஞ்சையில் திடீர் மாற்றங்களை உண்டாக்கி, மிகுதியாக நொதி சுரக்கும் 'ரட் சி-30' என்னும் வகையைத் தேர்ந்தெடுத்தனர். அதில் அத்தடை மரபணு அறுந்து கிடப்பது பின்னாளில் கண்டறியப்பட்டது. காரணம் அறியாமலேயே சரியான இடத்தைத் தொட்டிருந்தனர்.

பெயர்த்து நடுதல்

பூஞ்சையைத் திருத்துவதற்கு மாறாக, நொதிக்குரிய மரபணுவை மட்டும் எடுத்து வேறோர் உயிரில் வைத்தால் என்ன? 1983இல் அமெரிக்காவிலும் பின்லாந்திலும் இரு குழுக்கள் சுரங்க நொதியின் மரபணுவைத் தனித்தனியே படியெடுத்தன. நாற்றைப் பெயர்த்து நடுவது போன்ற எளிய வேலையாக இது தோன்றலாம். உண்மையில் மண் மாறினால் பயிரும் மாறிவிடுகிறது.

பூஞ்சையின் மரபணுவில் புரதத்திற்கு வேண்டாத இடைப்பகுதிகள் உள்ளன. 'இன்ட்ரான்' எனப்படும் அவற்றைப் பூஞ்சைச் செல் தானே வெட்டி நீக்கிவிடும். பாக்டீரியா அவ்வாறு நீக்காது. ஆகவே, இடைப்பகுதிகள் நீங்கிய தூது ஆர்.என்.ஏ.வை எடுத்து, அதிலிருந்து மீண்டும் டி.என்.ஏ. படியை உருவாக்கி, அதனைப் பிளாஸ்மிட் என்னும் வளையத்தில் இணைத்துப் பாக்டீரியாவுக்குள் செலுத்துகின்றனர். அப்போதும் சிக்கல் தீர்வதில்லை. பூஞ்சை தன் நொதியின் மீது சர்க்கரைக் கிளைகளை ஒட்டி, கந்தகப் பிணைப்புகளால் முடிச்சிட்டு வெளியே அனுப்புகிறது. பாக்டீரியாவில் உருவாகும் புரதம் இவ்வொப்பனை இன்றிப் பெரும்பாலும் தவறாக மடிந்து திரண்டுவிடும். ரொட்டிக்கான ஈஸ்டில் வைத்தாலோ, சர்க்கரைக் கிளைகள் அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டு நொதியின் திறன் குறைகிறது. எழுத்து ஒன்றேயாயினும் படிப்பவரைப் பொறுத்து உச்சரிப்பு மாறுவதை ஒத்தது இது.

எனவே ஆலைகள் பெரிதும் நாடுவது டிரைக்கோடெர்மாவையே. அதன் வலிமையான தொடக்கப் பகுதியை, அதாவது மரபணுவை முடுக்கிவிடும் டி.என்.ஏ. பகுதியை, வேண்டிய மரபணுவின் முன்னே இணைத்துவிடுகின்றனர். அது குறைவாகச் சுரக்கும் மூன்றாவது நொதிக்காக ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் மரபணுவையும் சேர்ப்பதுண்டு. சிறந்த தொழிலக வகைகள் ஒரு லிட்டர் ஊடகத்தில் 100 கிராம் வரை புரதம் சுரக்கின்றன.

தெரிந்து தெளிவோம்

செல்லுலோஸ் நீரில் கரையாது, செல்லுக்குள் நுழையாது. அப்படியானால் வெளியே உணவு இருப்பதைப் பூஞ்சை எவ்வாறு அறிகிறது? சிறிதளவு நொதியை அது எப்போதும் சுரந்துகொண்டே இருக்கும் என்றும், அதனால் விளையும் சிறு சர்க்கரைகள் உள்ளே சென்று செய்தி சொல்லும் என்றும் கருதுகின்றனர். அத்தகைய செய்தியாளர்களுள் ஆற்றல் மிக்க 'சோபோரோஸ்' என்னும் சர்க்கரையை மாண்டெல்ஸும் ரீஸும் தம் குழுவினருடன் 1962இல் அடையாளம் கண்டனர். குளுக்கோஸில் மாசாகக் கலந்திருந்த பொருள் அது.

எண்ணிக்கையா, ஒழுங்கா?

2008இல் இப்பூஞ்சையின் முழு மரபணுத்தொகுதியும் வெளியிடப்பட்டபோது அறிவியலாளர்கள் வியந்தனர். செல்லுலோஸைச் சிதைக்கும் மரபணுக்கள் மிகுதியாக இருக்கும் என்று எதிர்பார்த்ததற்கு மாறாக, அதுவரை ஆராயப்பட்ட, தாவரச் செல்சுவரைச் சிதைக்கும் பிற பூஞ்சைகளைவிட இதனிடம் அவை குறைவாகவே இருந்தன. ஆயுதங்கள் பல இருப்பதைவிட, உள்ள சிலவற்றை வேண்டும் பொழுதில் பெருமளவில் வெளியே அனுப்பும் திறமே இதன் வலிமை.

துணியிலிருந்து வைக்கோலுக்கு

பருத்தி தின்னும் இந்நொதி மீண்டும் பருத்தித் துணிக்கே வந்தது. திருப்பூரில் 'பயோ வாஷ்' செய்த பனியன் எனக் கேட்டிருப்பீர்கள். பின்னலாடையின் மேல் துருத்தி நிற்கும் மெல்லிய இழைகளைச் செல்லுலேஸ் நொதி மேய்ந்து நீக்குவதால் துணி மழமழப்பாகிறது. உரிய நேரத்தில் நிறுத்தாவிடில் துணியே வலுவிழக்கும். கூடாரத்தில் நேர்ந்ததும் அதுதான்.

எரிபொருளின் கதை இதனினும் கடினமானது. வைக்கோலில் செல்லுலோஸைச் சூழ்ந்து லிக்னின் என்னும் மரப்பொருள் நிற்கிறது. நீராவியாலோ அமிலத்தாலோ அதனைத் தளர்த்திய பின்னரே நொதி உள்ளே நுழைய இயலும். நொதிக்கும் பெரும் செலவு ஆகிறது. அரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலை 2022 ஆகஸ்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 இலட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் இலக்கு. அறுவடைக்குப்பின் வயலிலேயே தாளைக் கொளுத்தும் வட மாநிலங்களுக்கு இது பொருந்தும். காவிரிப் படுகையிலோ வைக்கோல் கழிவன்று; அது மாட்டின் உணவு, காளான் வளர்ப்பின் படுக்கை. எந்த வைக்கோலை ஆலைக்கு அனுப்பலாம், எதனை அனுப்பலாகாது என்பதை நொதி தீர்மானிக்காது. அது களத்துமேட்டில் தீர்மானிக்கப்பட வேண்டியது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் அறுவடைக்குப்பின் வைக்கோல், கரும்புச் சோகை, பருத்திமார் ஆகியவை எவ்வாறு பயன்படுகின்றன என்பதை உழவர்களிடம் கேட்டறிந்து, வகுப்பில் கலந்துரையாடுக. பாடத்தில் இடம்பெற்றுள்ள அறிவியல் கலைச்சொற்களைத் தொகுத்து, தமிழாக்கம் பெற்றவற்றையும் ஒலிபெயர்ப்பாக வழங்குபவற்றையும் வேறுபடுத்திக் காட்டுக.