இரவைக் கேள், அம்மிணி

அம்மிணி, குழந்தை மருத்துவம் படித்து முடித்து நாளைக்கு முதன்முதலாக ஓ.பி.யில் உட்காரப் போகிறாய். வரிசையில் நிற்கிற பிள்ளைகளில் நிறையப் பேர் இருமிக்கொண்டுதான் வருவார்கள். திருப்பூர்ப் பக்கத்தில் முப்பத்தெட்டு வருடம் அந்த இருமலைக் கேட்டவள் உன் பெரியம்மா. இருந்த ஆஸ்துமாவைத் தவறவிட்டிருக்கிறேன். இல்லாத ஆஸ்துமாவை இருக்கிறதென்றும் சொல்லியிருக்கிறேன். அந்தத் தவறுகள் கற்றுத் தந்ததை உனக்கு எழுதி வைக்கிறேன்.

1. முதலில் இரவைக் கேள். என் முதல் வருடத்தில் நாலு வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா ஆறு முறை தூக்கி வந்தாள். ஆறு முறையும் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தேன், சத்தம் ஒன்றுமில்லை. இருமல் சிரப் எழுதி அனுப்பினேன். ஏழாம் முறை அவள், “ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து பாருங்க டாக்டரம்மா, அப்பத் தெரியும்” என்றாள். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் விடியற்காலை நாலு மணி வாக்கில்தான் மிகவும் சுருங்கும். நாம் பிள்ளையைப் பார்ப்பதோ பகல் பத்து மணிக்கு. அவளிடம் இரவைக் கேட்டிருந்தால், அது ஆஸ்துமா என்று முதல் நாளே தெரிந்திருக்கும். இப்போது அம்மாக்கள் கையில் போன் இருக்கிறது. இருமும்போது சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு வீடியோ எடுத்து வரச் சொல்.

2. ஒரு சளிக்கும் அடுத்த சளிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று விசாரி. சின்னப் பிள்ளைக்கு வருடத்தில் 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம். ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம்கூட இருமும். அதற்காகப் பதறாதே. இருமல் 4 வாரத்தைத் தாண்டினால், சளியே இல்லாத நாளிலும் ஓடினால், சிரித்தால், அழுதால், பனியிலோ புகையிலோ நின்றால் இருமினால், அங்கே நின்று யோசி. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இளைப்பு உண்டா, பிள்ளைக்குக் காலையில் அடுக்குத்தும்மல் வருமா, தோலில் கரப்பான் உண்டா என்று கேள். மூச்சு விடும்போது நெஞ்சில் கீச்சுக் கீச்சென்று கேட்பதாக வீட்டில் சொன்னால் சந்தேகம் வலுக்கும். இருமல் மட்டுமே காட்டும் ஆஸ்துமாவும் உண்டு. ஆனால் அது குறைவு.

3. தெரிந்த நோயையே எல்லாரிடமும் தேடாதே. முதல் பையனைத் தவறவிட்ட வருத்தத்தில் நான் இருமுகிற பிள்ளைக்கெல்லாம் ஆஸ்துமா என்று சொல்லத் தொடங்கினேன். இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்கு மூன்று வாரம் ஆஸ்துமா மருந்தே கொடுத்தேன். வலப்பக்க நெஞ்சில் காற்று குறைவாகப் போனதைக் கவனிக்கவில்லை. “கடலை தின்னப்போ புரையேறுச்சுங்க” என்று பாட்டி சொன்னதையும் காதில் வாங்கவில்லை. ப்ராங்கோஸ்கோப் போட்டு அரைக் கடலையை எடுத்தார்கள். திடீரென்று தொடங்கிய இருமல், நாள் முழுக்கக் கபம் புரளும் இருமல், பால் குடிக்கையில் வரும் இருமல், ஏறாத எடை, நுனி பருத்த விரல்கள் – இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஆஸ்துமா என்ற நினைப்பைத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார். தூங்கியதும் அடியோடு நின்றுவிடும் இருமல் பெரும்பாலும் பழக்கத்தால் வருவது.

4. ஊரில் புழங்கும் பெயருக்கு மயங்காதே. நம் பக்கத்தில் பிள்ளை இருமினாலும் இளைத்தாலும் ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயரில் ஆறு மாதம் காசநோய் மாத்திரை விழுங்கிய பெண் குழந்தை ஒன்று என்னிடம் வந்தது. மாத்திரை முடிந்தும் இருமல் அப்படியே இருந்தது. வீட்டில் யாருக்கும் காசநோய் இல்லை, காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை. அது ஆஸ்துமா. இதைக் கேட்டுவிட்டுக் காசநோயை மறந்தும் விடாதே. 2 வாரத்துக்கு மேல் இருமலோடு காய்ச்சலோ எடைக்குறைவோ இருந்தால், வீட்டில் நோயாளி இருந்தால், கட்டாயம் பரிசோதனை செய். சந்தேகம் வரலாம், சோதிக்காமல் மருந்து தொடங்கத்தான் கூடாது.

5. உன் முடிவையும் சோதித்துப் பார். ஐந்தாறு வயதுக்கு மேல் பிள்ளை ஸ்பைரோமீட்டரில் ஊதிவிடும். சால்பியூட்டமால் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல். முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 சதவீதத்துக்கு மேல் கூடினால் அது நல்ல சாட்சி. அதற்கும் சிறிய பிள்ளைக்கு, குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலரை இரண்டு மூன்று மாதம் கொடுத்துப் பார். இருமல் நின்றால் மருந்தை நிறுத்து. திரும்ப வந்தால்தான் அது ஆஸ்துமா. வராவிட்டால் தானாகவே தீர்ந்திருக்கலாம். மருந்து பலிக்கவில்லையென்றால் அளவைக் கூட்டிக்கொண்டே போகாதே. “நான் நினைத்தது சரியில்லை” என்று சொல்ல வெட்கப்படாத வைத்தியரிடம் பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்கள்.

6. நோயின் பெயரைச் சொல்லத் தயங்காதே. “பொம்பளப் புள்ளைங்க, நாளைக்குக் கலியாணம் காட்சின்னு இருக்குது” என்று ஒரு பாட்டி கண் கலங்கினார். நான் மனம் இளகி ‘அலர்ஜி இருமல்’ என்று எழுதினேன். அலர்ஜிதானே என்று வீட்டில் இன்ஹேலரை நிறுத்திவிட்டார்கள். ஐப்பசி மழையில் அந்தப் பெண்ணை மூச்சுத் திணறலோடு தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் அந்த இரவை நான் மறக்கவில்லை. ஆஸ்துமா என்று சொல். சொன்ன கையோடு, ஓடலாம், ஆடலாம், படிக்கலாம், கட்டுக்குள் வைக்கலாம் என்றும் சொல்.

7. கையால் செய்து காட்டு. “இன்ஹேலர் பழகிடுமாமே” என்று கேட்பார்கள். அடிமைப்படுத்தாது என்று பொறுமையாகச் சொல். குலுக்கி, ஸ்பேஸரில் மாட்டி, ஒரு தடவை அழுத்தி, ஐந்தாறு மூச்சு இழுக்கவைத்து, பிறகு வாய் கொப்பளிக்கும் வரை அம்மாவே உன் எதிரில் செய்யட்டும். கொசுவர்த்தி, சாம்பிராணி, விறகடுப்பு, பீடி, பனியன் கம்பெனிப் பஞ்சு எல்லாவற்றையும் விசாரி, குற்றம் சாட்டாதே. பஞ்சு ஒட்டிய உடையோடு ஓடி வருகிறவள் ஒரு ஷிப்ட் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

8. சத்தம் அடங்கினால் அஞ்சு. மூச்சுத் திணறும் பிள்ளையின் இரைச்சல் நின்றது நலமானதால்தான் என்று நினைக்காதே. காற்றே போகாத நெஞ்சிலும் சத்தம் இருக்காது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாத பிள்ளை, விலா உள்ளிழுக்கும் பிள்ளை, உதடு நீலமாகும் பிள்ளை – இவர்களுக்கு உடனே ஆக்ஸிஜனும் சால்பியூட்டமாலும் கொடு. அங்கே வசதி போதாதென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தாமதிக்காதே. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணு. அந்த நிமிடத்தில் வேறு யாருக்கும் பதில் சொல்லாதே.

9. குணத்தை வீட்டில் அளந்து பார். கடந்த 4 வாரத்தில் எத்தனை இரவு விழித்தான், பகலில் வாரத்துக்கு எத்தனை நாள் இருமினான், ஓடும்போது பாதியில் நின்றானா, சால்பியூட்டமால் எத்தனை தடவை தேவைப்பட்டது என்று ஒவ்வொரு முறையும் கேள். முதலில் சொன்னேனே, அந்த நாலு வயதுப் பையன். மருந்து தொடங்கி இரண்டு மாதம் கழித்து வந்தான். வழக்கம்போல் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கப் போனேன். அதற்குள் அவன் அம்மா, “நேத்து நானும் விடிய விடியத் தூங்கிட்டனுங்க” என்றாள். ஸ்டெதாஸ்கோப்பைக் கீழே வைத்துவிட்டு, அவள் சொன்னதை அப்படியே அவன் சீட்டில் எழுதிக்கொண்டேன்.